ஒரே புரோகிராம், இரண்டு முகங்கள்

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டில் என் பெரியப்பா சாமையும் கொள்ளும் பயிரிடுகிறார். அவர் வீட்டுக்குப் புதிதாக லேப்டாப் வந்ததும், விற்பனைக் கணக்கு எழுத ஒரு சிறிய புரோகிராம் தயாரித்துக் கொடுத்தேன். லேப்டாப், ஆண்ட்ராய்ட் போன் இரண்டிலும் அது இயங்கும். மறுநாளே, "என்னப்பா, எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு?" என்றார்.

"கொள்ளு" என்று டைப் செய்தால், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் "க"வுக்குப் பின்னால் போய் நின்றன. லேப்டாப்பிலும் போனிலும் பிழை ஒரே மாதிரி! ஆனால் அதே போனில் எஸ்.எம்.எஸ். சரியாகத் தெரிந்தது.

ஏன் இப்படி?

பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ், செக் பாக்ஸ் போன்றவற்றைத் திரையில் காட்ட இரண்டு வழிகள் உள்ளன.

1. சிஸ்டத்தின் சொந்த உறுப்புகள்: புரோகிராம் கேட்க, விண்டோஸோ ஆண்ட்ராய்டோ தன்னிடம் உள்ள பட்டனைத் தரும். தோற்றம் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும்.

2. தானே வரைதல்: புரோகிராமே பட்டனையும் எழுத்தையும் வரைந்துகொள்ளும். எங்கும் ஒரே தோற்றம் கிடைக்கும்.

ஜாவா மொழி இரண்டையும் முயன்றது. 1995ல் வந்த ஏ.டபிள்யூ.டி. முதல் வழியில் சென்றது. எல்லா சிஸ்டங்களுக்கும் பொதுவான உறுப்புகளை மட்டுமே அதனால் தர முடிந்தது. 1998ல் ஜாவா 1.2 உடன் வந்த ஸ்விங் தானே வரைந்தது. இன்று ரியாக்ட் நேட்டிவ் (2015) முதல் வழியிலும், பிளட்டர் (பதிப்பு 1.0, 2018) இரண்டாம் வழியிலும் செல்கின்றன.

தமிழில் என்ன சிக்கல்?

"கெ" என்ற எழுத்தை கம்ப்யூட்டர் முதலில் "க", பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். சிஸ்டத்தின் உறுப்பு என்றால் இதனை சிஸ்டமே செய்துவிடும். தானே வரையும் புரோகிராமுக்கு இது தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிளட்டர் இதற்கு ஹார்ப்பஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாக வருகிறது. நான் எடுத்த சிறிய வரைகலைத் தொகுப்பில் அது இல்லை. சென்னையில் ஆங்கிலப் பெயர்களை மட்டும் டைப் செய்து சோதித்தது என் தவறு.

எழுத்து வரும் இடங்களையெல்லாம் சிஸ்டத்தின் உறுப்புகளாக மாற்றினேன். பிழை தீர்ந்தது. ஆனால் லேப்டாப்பில் ஒரு தோற்றம், போனில் வேறு தோற்றம். உதவிக் குறிப்பை இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று. அதற்குள் பெரியப்பா பழைய நோட்டுக்கே திரும்பியிருந்தார். மீண்டும் நம்ப அவருக்கு ஒரு மாதம் ஆனது.

நீங்கள் சோதித்துப் பாருங்கள்

புதிய புரோகிராமில் கணக்கு எழுதத் தொடங்கும் முன்:

* "கொள்ளு", "நெல்", "கௌரி" என டைப் செய்து, சேமித்து, மீண்டும் திறந்து பாருங்கள்.
* செட்டிங்ஸில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். புரோகிராமிலும் பெரிதாகிறதா?
* ஆண்ட்ராய்ட் போனில் டாக்பேக் வசதியை இயக்குங்கள். பட்டனின் பெயரைப் படித்துக் காட்டுகிறதா?

மூன்றும் சரியாக இருந்தால், அது எந்த வழியில் தயாரானது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.