நானோ விநாடிக்குக் கணக்கு வையுங்கள்

டைமிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் கருவி எத்தனை நானோ விநாடிப் பிழையைத் தாங்கும்? 5ஜி கோபுரம் 1,500 வரை பொறுத்துக்கொள்ளும். ஆய்வகக் கடிகாரங்களை ஒப்பிடுபவருக்குப் பத்தே அதிகம். இந்த எண் தெரியாமல் அயனி மண்டலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

நம் கருவி நேரத்தைப் பெறும் செயற்கைக்கோள் சிக்னலை அயனி மண்டலத்து எலெக்ட்ரான்கள் தாமதப்படுத்துகின்றன. வெயில் ஏற ஏறத் தாமதமும் ஏறும்; பிற்பகல் 2 மணி வாக்கில் உச்சம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், தலைக்கு நேர்மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கே 50 நானோ விநாடியைத் தாண்டலாம். அடிவானத்தருகே அது ஏறத்தாழ மும்மடங்கு. ஒற்றை அலைவரிசை ரிசீவர் இதை ஜிபிஎஸ் அனுப்பும் குளோபுச்சார் மாதிரியால் திருத்துகிறது. ஆனால் சராசரியாகப் பாதிப் பிழைதான் போகும்.

பழியை வானத்தின் மேல் போடுமுன் கேபிளை அளந்துவிடுங்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் 30 மீட்டர் கேபிளே 120 முதல் 150 நானோ விநாடியைத் தின்னும். அதை ரிசீவரில் பதியாமல் விட்டிருப்பதுதான் பல இடங்களில் உண்மையான கோளாறு.

தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவருக்கு மாலையில்தான் சோதனை. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். சூரியன் மறைந்தபின் இங்கே அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகமாக. இரவு 8 மணி லாக்கைத் திறந்து பாருங்கள். வானத்தின் ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமை மட்டும் துள்ளி விழுந்தால் அது குமிழி. எல்லாம் ஒருசேரச் சரிந்தால் ஆன்டெனாவையோ, அக்கம்பக்கத்து இடையூறையோ தேடுங்கள்.

தாமதத்துக்கு மருந்து இரட்டை அலைவரிசை ரிசீவர். அது எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் வாங்கும். எல்5 சிக்னலின் தாமதம் எல்1-ஐப் போல் சுமார் 1.8 மடங்கு; இரண்டும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தே ரிசீவர் பிழையைக் கழித்துவிடும். குமிழிக்கு அது மட்டும் போதாது. சிக்னல் அறுந்த நேரத்தைத் தாங்க நல்ல ருபீடியம் அலையியற்றி வேண்டும்.

அடுத்த டெண்டரில் ரிசீவர், அலையியற்றி இரண்டையும் தனித்தனி நிபந்தனையாக எழுதுங்கள். கருவி வந்ததும் நண்பகலில் மட்டும் சோதித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு முழு இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.