ஆறு பேருக்குள் ஒரு ஜாஸ்

கேள்வி: ஸ்விங் ஜாஸில் பெரிய பேண்டைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. நல்ல பதிவுகளை எப்படித் தேடுவது? நம் நாட்டிலும் வாசித்திருக்கிறார்களா?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஆல்பத்தின் பெயரை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு என்றால் 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிடம். ஆல்பங்களெல்லாம் பின்னால் தொகுத்தவை. பதிவான தேதியும் வாசித்தவர்கள் பெயரும் போட்டிருக்கிற தொகுப்பையே வாங்குங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்பு வேண்டாம். கூடவே சிம்பலின் மினுக்கமும் போய்விடும். கொஞ்சம் கரகரப்பு இருக்கட்டும்.

1935இல் பென்னி குட்மன், டெடி வில்சன், ஜீன் க்ரூபா மூவரும் செய்த பதிவுகளில் தொடங்குங்கள். பாஸ் கருவியே கிடையாது. பியானோவில் வில்சனின் இடது கை அந்தக் குறையைத் தெரியவிடாது. அடுத்து, 1937 ஜனவரியில் வில்சன் குழுவோடு பில்லி ஹாலிடே பாடியவை. லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவர் குரலோடு பேசிக்கொண்டே வரும். எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை.

அதே பதிவில் டிரம்பெட் வாசித்த பக் கிளேட்டனை 1934இல் ஷாங்காய்க்கு அழைத்துப் போனவர் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட். அவர் பிறகு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசித்தார். கல்கத்தாவில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். 1945இல் அங்கேயே காலராவில் இறந்தார். நரேஷ் பெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' இவரைப் போன்றவர்களைப் பற்றிய அருமையான நூல். கோவாக்காரரான டிரம்பெட் கலைஞர் ஷிக் சாக்லேட்டையும் விட்டுவிடாதீர்கள். 1951இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் சி. ராமச்சந்திராவின் இசையில் அவருடைய வாசிப்பைக் கேட்கலாம்.