நீரோடு உயரும் வீடுகள்

வெள்ளம், மிதவை என்றவுடன் நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலே நம் நினைவுக்கு வரும். அக்கப்பல் வெள்ளத்தில் ஊரை நீங்கிச் சென்றது. இன்றைய கட்டடக் கலைஞர் பேசும் மிதக்கும் வீடோ தன் தெருவை விட்டு அகலக் கூடாதது. நின்ற இடத்திலேயே நீரோடு உயர்ந்து, நீர் வடிந்ததும் தாழ வேண்டியது. மிதக்கச் செய்வது எளிது. நிற்கச் செய்வதே அரிது. வெள்ள அச்சமுள்ள கடலோர நகரங்களுக்கு இவ்வீடுகள் துணையாகுமா என்னும் வினாவை நாம் இங்கிருந்தே அணுகுதல் வேண்டும்.

ஒரு பொருள் தான் விலக்கும் நீரின் எடைக்கு ஈடான எடையைத் தாங்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. 10 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடைய உள்ளீடற்ற கான்கிரீட் பெட்டி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நன்னீரில் அமிழுமாயின், பெட்டியும் அதன் மேலுள்ள வீடும் சேர்ந்து 105 டன் எடை இருக்கலாம். கான்கிரீட் மிதக்குமா என ஐயுறும் மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பாராக. ஆயினும் எடை ஒருபுறம் மிகுந்தால் வீடு சாயும். நூல்களையெல்லாம் ஒரே சுவரோரம் அடுக்கிவைக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வீடு ஏற்றதன்று!

இத்துறையில் முன்னோடி நெதர்லாந்து. அந்நாட்டின் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. 1953ஆம் ஆண்டுக் கடல்வெள்ளத்தில் 1,836 பேர் அங்கு மாண்டனர். அதன்பின் கரைகளையும் தடுப்பணைகளையும் உயர்த்துவதிலேயே அரசு நம்பிக்கை வைத்தது. 1995இல் ஆறுகள் பெருகியபோதோ ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நீரைத் தடுப்பதோடு அதற்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

மாஸ் ஆற்றையொட்டிய மாஸ்பொம்மல் என்னும் சிற்றூரில், வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே, 2005இல் அமைந்த 32 வீடுகள் நம் கவனத்துக்கு உரியவை. வறண்ட காலத்தில் அவை தரைமேல் அமர்ந்திருக்கின்றன. வெள்ளம் வந்தால் அடியிலுள்ள கான்கிரீட் பெட்டி மிதந்து, ஐந்தரை மீட்டர் வரை உயர இயலும். நட்டுவைத்த எஃகுத் தூண்கள் அவை அடித்துச் செல்லப்படாமல் காக்கின்றன. குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றை இணைக்கும் குழாய்கள் வளைந்துகொடுப்பவை. 2011 வெள்ளத்தில் இவ்வீடுகள் உயர்ந்து மீண்டும் தரையில் அமர்ந்தன.

ஆனால் அது அடங்கிய நீர். கடலோரத்தின் நிலை வேறு. புயலலை வீடுகளை மோதும்; தூண்களையும் இணைப்புகளையும் ஓயாது அசைக்கும். உப்புநீர் எஃகை அரிக்கும். ஆகவே காயல், துறைமுகம், பவளப்பாறை அரண் ஆகியவற்றின் உட்புறமே இக்குடியிருப்புகளுக்கு இடமாகும்.

காயலிலும் தவறு நேரும். நைஜீரியாவின் லாகோஸ் காயலில் மரக்கால்கள்மேல் வீடுகட்டி வாழும் மகோகோ ஏழை மக்களுக்காக, ஏறத்தாழ 250 நெகிழிப் பீப்பாய்கள்மேல் மரத்தாலான மூன்றடுக்குப் பள்ளி 2013இல் எழுந்தது. உலகோர் வியந்தனர். அதன் மறுவடிவம் வெனிஸ் கண்காட்சியில் விருது பெற்ற சில நாள்களிலேயே, 2016 ஜூனில், பெருமழையில் அப்பள்ளி சரிந்தது. நாள்தோறும் பேணிப் பழுதுபார்க்கும் பொறுப்பை எவர் ஏற்பது என்பதைத் தீர்மானிக்காமல் மிதவை அமைப்பது தகாது என்பதே நம் கருத்து.

மாலத்தீவின் நிலை இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. அங்கே பெரும்பாலான நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டருக்கும் குறைவான உயரமுடையது. தலைநகர் மாலேக்கு அருகே, பவளப்பாறை சூழ்ந்த காயலில் 5,000 மனைகள் கொண்ட மிதக்கும் நகரம் அமைக்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. பாறை அலையைத் தடுக்கும், இடம் பொருத்தமானதே. ஆயினும் அம்மனைகளை வெளிநாட்டினரும் விலைக்கு வாங்கலாம். எனவே திட்டத்தை மதிப்பிடுவோர் மனைகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு நில்லாமல், மாலேயின் நெருக்கடியான வாடகை அறைகளில் வாழ்வோருக்கு அவற்றுள் எத்தனை எனவும் கேட்டாக வேண்டும்.