அடி பம்பு சொல்லித் தரும் நிர்வாகப் பாடம்



நிர்வாகம் என்றதும் நமக்கு ஃபைலும் ரப்பர் ஸ்டாம்பும்தான் ஞாபகத்துக்கு வரும். புதுமை என்றால் யாரோ ஒரு விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் செய்வது என்று நினைக்கிறோம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நம்ம தெரு முனையிலேயே நிற்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் அடி பம்பு!

எங்கள் தெருவில் ஒரு கோடையில் பம்பு நின்றுவிட்டது. புதிதாக வந்த ஃபிட்டர் குழாய் முழுவதையும் தூக்கி வாஷரை மாற்றினார். தண்ணீர் வரவில்லை. மறுநாளும் தூக்கினார், மாற்றினார், வரவில்லை. நான்கு நாள் எங்கள் அம்மாவும் அக்காவும் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். கடைசியில் ரிட்டயர் ஆன பழைய ஃபிட்டரைத் தேடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்த போர்ல சித்திரை வந்தா தண்ணி கீழ போயிரும் தம்பி. ரெண்டு பைப்பு கூடச் சேத்து இறக்கணும்" என்றார். அப்படியே செய்தார்கள். தண்ணீர் கொட்டியது!

"இதை ஏன் ஐயா ஆபீஸ்ல எழுதி வைக்கல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கலியேப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

பம்பு பிறந்த கதை

1960களின் பிற்பகுதியில் நாட்டின் பல பகுதிகளில் கடும் வறட்சி. பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் வந்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆனால் மேலே பொருத்திய வார்ப்பிரும்பு பம்புகள், வெளிநாட்டில் ஒரு குடும்பம் உபயோகிப்பதற்காக உருவான மாதிரியைப் பார்த்துச் செய்தவை. ஒரு வீட்டுப் பம்பை ஒரு ஊரே விடியற்காலை முதல் இரவு வரை அடித்தால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் பார்த்தபோது பெரும்பாலான பம்புகள் ஓடாமல் கிடந்தன.

இதற்கு விடை தலைநகரில் கிடைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிராமத்து வேலை செய்த சிறு ஒர்க்‌ஷாப்புகளில் இருந்தது. சோலாப்பூர் பம்பில் கைப்பிடிக்கு ஒரே ஒரு அச்சு. கைப்பிடியின் நுனியில் வளைந்த பாகத்தின் மேல் ஒரு செயின். அதனால் உள்ளே போகும் ராடு கோணாமல் நேராக ஏறி இறங்கும், தேய்மானம் குறையும்.

அரசாங்கம் இந்த அறிவைத் தள்ளிவிடவில்லை. மத்திய அரசு, யுனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ ஆராய்ச்சி நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வடிவமைப்பைத் திருத்தி, கோயம்புத்தூர்ப் பகுதியில் ஓட்டிப் பார்த்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. 1979இல் ஐ.எஸ். 9301 என்ற தர அளவும் வந்தது.

இதில் முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? இந்தப் பம்புக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை! டிராயிங் எல்லாருக்கும் பொது. அளவும் தரமும் சரியாக இருந்தால் எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம். அதனால்தான் இந்தியா முழுக்கப் பரவி, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது.

ஃபிட்டரின் கஷ்டமும் டிராயிங்கில் ஏறியது

தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வந்தது. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு ஃபிட்டர், பெரிய ரிப்பேருக்கு வண்டியோடு ஒரு குழு. பம்பு நின்றால் ஊர்க்காரர் ஒரு தபால் கார்டு போட்டால் போதும். கீழே இருப்பவர் மேலே தகவல் சொல்ல அது ஒரு வழி.

அப்படியும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒரு சின்ன வாஷர் தேய்ந்தாலும் மொத்தக் குழாயையும் வெளியே எடுக்க வேண்டும். 1983 முதல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பல பம்புகளைக் கவனித்து, எது எப்போது பழுதாகிறது, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்தார்கள். லெதர் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் நீண்ட நாள் உழைத்தது. 32 மி.மீ. குழாய்க்குப் பதில் 65 மி.மீ. குழாய் போட்டு, குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மேலே எடுக்கும்படி செய்தார்கள். அதுதான் மார்க் 3. குழாய் கனமும் விலையும் கூடியது உண்மை. ஆனால் ரிப்பேர் வேலை சுலபமாகி, ஊரிலேயே முடியும் அளவுக்கு வந்தது.

நமக்கு என்ன பாடம்?

ஒன்று, புதுமை எங்கே பிறந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, எடுத்ததை எழுதி, வரைந்து, எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மூன்று, கையில் கிரீஸ் படிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வீண். நாடே மெச்சிய பம்பு எங்கள் தெருவில் நான்கு நாள் நின்றது அதனால்தானே!

அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு போரின் ஆழம், பைப் எண்ணிக்கை, கோடையில் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஒரு காப்பி ஆபீஸுக்கு, ஒரு காப்பி புது ஃபிட்டருக்கு.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஓவர்சியராக, இளநிலைப் பொறியாளராக அரசுப் பணிக்குப் போவோம். அன்று நாம் ஓய்வு பெறும்போது, நமக்குத் தெரிந்தது நம்மோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. "யாரும் கேக்கலியே" என்று இன்னொரு பெரியவர் சொல்லும்படி விடவும் கூடாது.

கேட்போம்! எழுதுவோம்! கொடுப்போம்!