சொத்தைப் பல்லை எதைக் கொண்டு அடைப்பது?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஹவுளருகே நின்றிருந்தபோது வயதான ஒருவர் வந்து, "ஹஜ்ரத்! கட்டுப்பல் வைத்துக் கொண்டால் குளிப்பு கூடுமா?" என்று கேட்டார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றில் மிளகளவு கறுப்புக் குழி விழுந்திருக்கிறது. அன்றைக்கே அடைத்து விடும்படி டாக்டர் சொன்னாராம். ஆனால் பல்லை அடைத்தால் உள்ளே தண்ணீர் சேராது, கடமையான குளிப்பு நிறைவேறாது, தொழுத தொழுகையெல்லாம் பாழ் என்று ஒருவர் சொல்லக் கேட்டு மனிதர் அஞ்சிப் போய்விட்டார். கிராம்பைக் கடித்துக் கொண்டு நாளைக் கடத்தினார். கடைசியில் அந்தப் பல்லும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அவரைப் பயமுறுத்தியவர் என்னைப் போல மதரஸாவில் ஓதியவர் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

எனவே இந்த மஸ்அலாவையும், எந்தக் குழிக்கு எந்த அடைப்புப் பொருத்தம் என்பதையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

முதலில் சட்டம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் கடமையான குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது சுன்னத்து, பர்ளு அல்ல. உடலின் வெளிப்புறம் முழுவதும் நீர் பட வேண்டும் என்பதே பர்ளு. வாயின் உட்புறம் அதில் சேராது. ஆகவே ஷாபிஈகளுக்கு இக்கேள்வி எழவே இடமில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் அந்தக் குளிப்பில் வாய் கொப்பளிப்பது பர்ளு. சந்தேகம் பிறந்த இடம் இதுதான். ஆனால் தேவைக்காக அடைக்கப்பட்டு, கழற்ற முடியாதபடி பதிந்துவிட்ட பொருள் பல்லின் ஒரு பாகமாகவே கருதப்படும், அதன் மேல் நீர் பட்டால் போதும் என்று ஹனபி உலமாக்கள் தீர்ப்பளித்துள்ளனர். ஒவ்வொரு குளிப்புக்கும் பல்லைத் தோண்டுவது மனிதனால் ஆகக்கூடியதா? சிரமம் வருமிடத்தில் இலகு வரும் என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்றல்லவா? பல்லின் மேல் மாட்டி ஒட்டப்படும் உறைக்கும் இதுவே சட்டம். கழற்றி மாட்டும் கட்டுப்பல்லை மட்டும் ஹனபிகள் கடமையான குளிப்பின்போது கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். உளூவில் கொப்பளிப்பது இரு மத்ஹபிலும் சுன்னத்து ஆதலால் கழற்றாவிட்டாலும் உளூ நிறைவேறும்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அன்றைக்கே அடைத்திருக்கலாமே!" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இனி அடைப்பு வகைகளுக்கு வருவோம். பூச்சிப்பல் என்று நாம் சொன்னாலும் உள்ளே பூச்சியோ புழுவோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அது பல்லின் வெளிப்பூச்சைக் கரைக்கிறது. வெண்புள்ளியாக இருக்கும் மட்டும் நன்றாகத் துலக்குவதாலும் புளோரைடு மருந்தாலும் தடுத்து நிறுத்தலாம். குழி விழுந்துவிட்டால் எலும்பு கூடுவது போல் அது தானாகக் கூடாது. அடைத்தே ஆக வேண்டும். (ஸஹர் உணவில் பேரீச்சம்பழம் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமலே படுத்துவிடுவோர் இதைக் கவனிக்கட்டும். மிஸ்வாக்கின் சிறப்பைப் பேசுவதில் நாம் குறைவைப்பதில்லை.)

நம்மவர்கள் 'வெள்ளி அடைப்பு' என்பது முழு வெள்ளியன்று. நிறையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, ஈயத்தை ஒத்த வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்திலிருந்த சரக்கு இது. விலை மலிவு, வலிமை அதிகம். எச்சிலின் ஈரமும் இதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் நிறம் கறுக்கும். பல்லோடு ஒட்டாததால், பிடிப்புக் கொடுக்க நல்ல பகுதியையும் கொஞ்சம் குடைய வேண்டி வரும். பாதரசம் நஜீஸல்ல, ஆயினும் நஞ்சு. பாதரசத்தால் பாழ்பட்ட மினமாட்டா என்னும் ஜப்பானிய ஊரின் பெயரால் 2013-ல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை இவ்வடைப்பையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைக்கன்றி இதை நிறுத்திவிட்டது. கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், சிறுவர்களுக்கும் இதை வைக்காதிருப்பதே நலம். ஆனால் முன்பே வைத்து நல்ல நிலையில் இருப்பதைப் பயந்து தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டும்போதுதான் ஆவி அதிகமாக வெளிப்படும் என்கிறார்கள்.

பல்லின் நிறத்திலேயே இருக்கும் அடைப்பு மற்றொன்று. 'லைட் காட்டி அடைப்பது' என்று சொல்வது இதைத்தான். பிசின் போன்ற பொருளும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த அக்கலவையைச் சிறிது சிறிதாக வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுகச் செய்வார்கள். பல்லோடு ஒட்டிக் கொள்வதால் சொத்தையை மட்டும் சுரண்டினால் போதும். முன்பல்லுக்கும், கடைவாயின் சிறிய, நடுத்தரக் குழிகளுக்கும் இது பொருத்தம். ஆனால் வைக்கும்போது பல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் பிடிப்புத் தளரும். கடைவாயில் பெரிய குழியானால் வெள்ளி அடைப்பைவிடச் சீக்கிரம் பழுதாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவசரப்படுத்தி, "ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள்" என்று டாக்டரை விரட்டுவோர் இந்த அடைப்பைக் கேட்கக் கூடாது!

சாதாரணமாக 'சிமெண்ட்' எனப்படுவது 1970-களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவர் உருவாக்கிய கண்ணாடிச் சிமெண்ட். சற்று ஈரமிருந்தாலும் பல்லோடு தானே ஒட்டும். புளோரைடைக் கசியவிட்டுப் பக்கத்துப் பல்லுக்கும் ஓரளவு காவலாகும். மெல்லும் அழுத்தத்தை நீண்ட நாள் தாங்காது என்பதே குறை. 1980-களில் தான்சானியாவில், மின்சாரமும் இயந்திரமும் இல்லாத கிராமங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை உருவானது. பிற்காலத்தில் அம்முறைக்கு உகந்த பொருளாக நிலைத்தது இந்தச் சிமெண்ட்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஈறோரத்து வேர்ச் சொத்தைக்கும், பால் பல்லுக்கும், வாயைத் திறந்து உட்கார மறுக்கும் குழந்தைக்கும் இதுவே கை கொடுக்கும். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று சும்மா இருப்பது தவறு. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்பவை. அவற்றில் சொத்தை பெரிதானால் எஃகுத் தொப்பி மாட்டுவதுண்டு.

பல்லின் சுவர்கள் மெலிந்துவிட்டாலோ, கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருந்தாலோ எந்த அடைப்பும் தனியே நில்லாது. உறை போட வேண்டும். அதற்குப் பல்லைச் சுற்றிலும் இழைக்க வேண்டியிருப்பதால், சிறு குழிக்கு உறை போடச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்பது நல்லது.

உறை என்றதும் தங்கம் பற்றிய கேள்வி வருகிறது. அறியாமைக் காலத்தில் குலாபுப் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) வெள்ளி மூக்கு வைத்துக் கொண்டார்கள். அது துர்நாற்றம் கொண்டபோது, தங்கத்தால் செய்து வைத்துக் கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் வருகிறது. இதைக் கொண்டு ஷாபிஈ இமாம்கள், இழந்த பல்லுக்கும் ஆண்கள் தங்கம் வைக்கலாம் என்றனர். ஹனபியில் இமாம் முஹம்மது (ரஹ்) அனுமதித்தார்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களோ ஆடும் பல்லை வெள்ளியால் கட்டலாம், தங்கத்தால் கூடாது என்றார்கள். மூக்கில் வெள்ளி நாறியது; பல்லில் வெள்ளியே போதுமானதாயிருக்க, தேவையின்றித் தடுக்கப்பட்ட தங்கம் எதற்கு என்பதே அன்னாரின் வாதம். பீங்கானிலும், சிர்க்கோனியா என்ற வெண்பொருளிலும் உறுதியான உறை கிடைக்கும் இக்காலத்தில் அந்த வாதம் இன்னும் பலம் பெறுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நோயில்லாத பல்லைப் பளபளப்புக்காக இழைத்துத் தங்கம் பூட்டுவது வேறு விஷயம். அழகுக்காகப் பல்லை அராவுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பெண்களுக்கும் இதில் விலக்கில்லை.

இனி நோன்பு. பல்லை அடைப்பதாலோ ஈறில் மரத்துப் போக ஊசி போடுவதாலோ நோன்பு முறிவதில்லை என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆயினும் குடையும்போது பீய்ச்சும் நீரும் துகளும் தொண்டையில் இறங்கிவிடக்கூடும். ஆகவே தள்ளிப்போடக் கூடியதை இப்தாருக்குப் பின் வைத்துக் கொள்ளலாம்; மாலையில் திறந்திருக்கும் பல் மருத்துவமனைகள் நிறைய உண்டு. முகம் வீங்கி, காய்ச்சலோடு வலி வந்தவர் அன்றே வைத்தியம் செய்து கொள்ளட்டும். நோன்பு தவறினால் பிறகு களாச் செய்து கொள்ளலாம்.