மைனஸ் போட்ட கவுண்டிகள்

நம்பிக்கை: இடப்பெயர்வு விகிதம் மைனஸில் இருந்தால் அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) காலியாகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும் சிவப்பும் நீலமும் தீட்டிய வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த விகிதம் ஒரு கழித்தல் கணக்கு. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து, மிச்சத்தை ஆயிரம் பேருக்கு எத்தனை என்று சொல்கிறார்கள். பத்தாயிரம் பேர் போய் ஒன்பதாயிரம் பேர் வந்தாலும், ஆயிரம் பேர் போய் ஒருவருமே வராவிட்டாலும் மிச்சம் ஒன்றுதான். முதலாவது, கூட்டம் அலைமோதும் பேருந்து நிலையம். இரண்டாவது, பூட்டிக் கிடக்கும் தெரு.

ஹூஸ்டன் நகரம் உள்ள ஹாரிஸ் கவுண்டியையே எடுத்துக்கொள்வோம். 2010 கணக்கெடுப்பில் 40,92,459 பேர்; 2020இல் 47,31,145 பேர். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உள்நாட்டு இடப்பெயர்வில் அது மைனஸில்தான் இருந்தது. பிறப்பு இறப்பை மிஞ்சியது, வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதனால் மொத்தம் ஏறியது. வெளியேறியவர்களில் பலரும் வெகுதூரம் போகவில்லை. பக்கத்து ஃபோர்ட் பெண்டிலோ மான்ட்கோமரியிலோ வீடு வாங்கிக்கொண்டு, காலையில் அதே ஹூஸ்டனுக்குக் காரோட்டி வேலைக்கு வருகிறவர்களும் கணக்கில் ‘போனவர்கள்’தான்.

சிறிய கவுண்டிகளில் விகிதம் இன்னும் விளையாட்டுக் காட்டும். மேற்கே உள்ள லவிங் கவுண்டியில் 2010இல் 82 பேர், 2020இல் 64 பேர். சதவீதத்தில் சொன்னால் 22 குறைவு, பேரழிவு போல ஒலிக்கும். ஆள்கணக்கில் 18 பேர், நாலைந்து குடும்பம். அப்படியானால் விகிதமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், வெறும் எண்ணிக்கையை வைத்தால் பட்டியலில் ஹாரிஸ் போன்ற பெரிய கவுண்டிகள்தான் முதலில் நிற்கும். விகிதத்தோடு ஆள் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி, ஓராண்டை விட்டுப் பல ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் போதும்.

கிராமப்புறக் கவுண்டிகள் பல நிஜமாகவே சுருங்குகின்றனவே என்றால், ஆமாம், சுருங்குகின்றன. ஆனால் அங்கே மைனஸைத் தேடினால் ஏமாந்துபோகலாம். முதியவர்களே மிஞ்சிய கவுண்டியில் யாரும் மூட்டை கட்டாமலேயே இறப்பால் தொகை குறையும். அப்படிக் குறையும் ஆண்டிலும் இடப்பெயர்வு விகிதம் பூஜ்யத்தை ஒட்டி நின்றிருக்கும், வரைபடத்தில் நிறமும் மங்கலாகத்தான் இருக்கும். போக வேண்டிய இளைஞர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே போய்விட்டார்கள்.