ஹெட் கேஸ்கட்டும் பசைப் பக்தியும்

மொறிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய பழைய பிரித்தானியக் கார்களை இன்னும் பிரியத்தோடு பேணிவரும் அன்பர்கள் ஏறாவூரிலும் செங்கலடியிலும் இருக்கிறார்கள், அவர்கள் வாயிலிருந்து ஓயாமல் என் காதில் விழும் வசனம் ஒன்றுண்டு: "பழைய எஞ்சினுக்கு வெறும் கேஸ்கட் நிக்காது, ரெண்டு பக்கமும் சிலிக்கனை நல்லாப் பூசி இறுக்கினாத்தான் சரிவரும்." எத்தனையோ நல்ல எஞ்சின்களைக் கெடுத்த வசனம் இது.

கேஸ்கட்டின் தொழில் யாது? எரிவாயு, குளிர்நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பதே. மேட்டில் ஏறுகையில் சிலிண்டருக்குள் எழும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் முப்பது மடங்குக்கு மேற்படும். அதைத் தடுத்து நிறுத்துவது பசையின் ஒட்டும் குணமன்று. மட்டமான இரண்டு வார்ப்பிரும்பு முகங்களுக்கு நடுவே, செப்புத் தகடு போர்த்த கேஸ்கட்டை, மைனரின் 1098 சி.சி. எஞ்சினில் ஒன்பது ஸ்டட்டுகளும் சேர்ந்து நசுக்கிப் பிடிக்கின்றனவே, அந்தப் பிடிப்பு ஒன்றுதான் தடுக்கிறது.

பிதுங்கும் பசை எங்கே போகும் என்று யாராவது யோசித்ததுண்டா? பாதி வெளியே வழிந்து உங்கள் கண்ணுக்குத் திருப்தியளிக்கும். மீதி உள்ளே வழிந்து, நீர்த்துவாரத்தில் நாடாவாகத் தொங்கி, ஒருநாள் அறுந்து, ரேடியேற்றரின் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். ரொக்கர் தண்டுக்கு எண்ணெய் ஏறும் ஒற்றைத் துவாரமும் அந்தக் கேஸ்கட்டின் வழியாகத்தான் செல்கிறது. அதையும் அடைத்துவிட்டு, பிறகு "மேலே டக் டக் என்று சத்தம் கேட்கிறதே" என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம்?

கழற்றிய கேஸ்கட்டை எறியுமுன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பாலத்தில் செம்பு கருகி, நூலளவு வாய்க்கால் ஒன்று விழுந்திருக்குமாயின், அவ்விடத்தில் பிடிப்புப் போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஹெட்டின் முகத்தைச் சுத்தமாக்கி, உருக்கு மட்டக்கோலை நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிப்புள்ள பீலர் தகடு அதனடியில் நுழைகிறதா என்று பாருங்கள்; நுழைந்தால், அந்த ஹெட் போகவேண்டிய இடம் லேத் பட்டறை, பசைக்கடையன்று. புளொக்கில் ஸ்டட்டைச் சுற்றி உலோகம் மேலெழும்பியிருந்தால் அதையும் மட்டமாக்க வேண்டும். நட்டை இறுக்கும் விசையில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே செலவாகி ஒரு பங்குதான் பிடிப்பாகிறது என்ற உண்மையை அறிந்தவர், துருவேறிய புரிகளைத் துடைக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டார்.

அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, உதிரிப்பாகம் அருமையாகிவிட்ட காலத்தில் ஆபத்துக்குச் செய்த இந்தப் பசை உபாயமே நாளடைவில் சாஸ்திரமாகிவிட்டது என்று எண்ணுகிறேன். தண்ணீர்ப் பம்பின் கடதாசிக் கேஸ்கட்டுக்குப் பசை வேண்டுமானால் பூசுங்கள், ஹெட்டுக்கு வேண்டாம்.

ஏனைய நம்பிக்கைகளுக்கு இத்தனை மரியாதை அநாவசியம். "கைப்பலம் உள்ளவரை இறுக்கு" என்பார்கள். மைனரின் எஞ்சினுக்கு விதித்த அளவு 40 இறாத்தல்-அடி, அதுவும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக. ஸ்பானரில் பைப் மாட்டி இழுப்பவர் ஸ்டட்டை நீட்டுகிறார், வேறொன்றும் செய்யவில்லை. "பழைய கேஸ்கட்டைச் சுட்டு மறுபடியும் போடலாம்" என்பது தனிச் செப்பு வாஷருக்குப் பொருந்தும். நடுவில் அஸ்பெஸ்டஸ் பொதிந்த கேஸ்கட் ஒருமுறை நசுங்கினால் நிமிராது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சாகையால், ஒட்டியிருப்பதை நனைக்காமல் சுரண்டவும் கூடாது. "தேமோஸ்டாற்றைக் கழற்றினால் சூடேறாது" என்பவர் மட்டக்களப்புவரை சமதரையில் சுகமாகப் போய்வருவார். அதே காரைப் பதுளை வீதியில் விட்டுப் பார்க்கட்டும், பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் ஆவி பறக்கும். "ஒருமுறை இறுக்கினால் போதும்" என்பதும் பிசகு: சில நூறு மைல் ஓடியபின், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கையில் மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை ஆயிரத்தில் பன்னிரண்டு பங்காகத் திருத்த வேண்டும்.

கேஸ்கட் போவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் சூடு. சூட்டுக்கு மூலகாரணம் நம் ஊரில் பெரும்பாலும் தண்ணீர். வாவியோரக் கிணறுகளின் உவர்நீரை ரேடியேற்றரில் வார்த்து, உப்புப் படிந்து, நீர்த்துவாரங்களின் விளிம்பை அரித்து, கேஸ்கட் உட்காரும் முகத்தையே தின்னவிட்டபின் மெக்கானிக்கை ஏசி என்ன பிரயோசனம்? வாடைக்காற்று ஆண்டுதோறும் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டும் மழைநீரை வடிகானில் ஓடவிட்டுவிட்டு, கோடையில் கிணற்று நீரைப் பழிப்பது நமக்கு வழக்கமாய்ப் போயிற்று. பள்ளிவாசல், கோயில், பாடசாலை ஒவ்வொன்றின் கூரையும் ஒரு நீர்த்தொட்டியை நிரப்பவேண்டும் என்பது என் நெடுநாளைய வாதம். கார்க்காரராவது தொடங்கி வைக்கட்டும். ஐப்பசி பிறக்குமுன் பீலியைத் துப்புரவாக்கி, நுளம்பு புகாதபடி வலை கட்டிய பீப்பாயை அதன் கீழே வைத்து, முதல் மழையை ஓடவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். துருத்தடுப்பு மருந்தை அளவாகக் கலந்து ரேடியேற்றருக்கு வாருங்கள்.